கறுத்துப்போன ஈசிஜி

மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்து நீட்டியது ஒரு கறுப்பு அட்டை. முழ நீளம், நான்கு விரல் அகலம். இருபுறமும் பிளாஸ்டிக் ஒட்டி, ஓரங்களைச் சீராக நறுக்கியிருந்தார்கள். "அஞ்சு வருசத்துக்கு முன்னாடி நீங்க எடுத்துக் கொடுத்த ஈசிஜி சிஸ்டர். பத்திரமா இருக்கட்டும்னு லேமினேஷன் போட்டு வச்சோம்" என்றார்.

ஈசிஜி இயந்திரத்தில் மை கிடையாது. அந்தத் தாளே சூடு பட்டால் கறுக்கும் தாள். சூடான முனை தொட்ட இடமெல்லாம் கறுப்பாகும், அதுதான் நாம் பார்க்கும் கோடு. லேமினேஷன் இயந்திரத்தின் உருளைகளுக்கு நடுவே அதை விட்டால் தாள் முழுக்கக் கறுத்துவிடும். அவருக்கும் அது தெரியாது, கடைக்காரருக்கும் தெரிந்திருக்காது. தாளைக் கொடுத்தபோது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கட்டிலில் அவர் மனைவி. வயது 39. வலது கையும் காலும் விழுந்திருந்தன, பேச்சு வரவில்லை. சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலில் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிப்போய், அதற்கு மேலே இருக்கும் இடது மேலறை வீங்கி, துடிப்பு தாறுமாறாகி, அறைக்குள் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போயிருந்தது. பணியில் இருந்த மருத்துவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அஞ்சு வருசம் முன்னாடியே ஏ.எஃப். இருந்துச்சா, பி வேவ் இருந்துச்சா?" நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

முப்பத்தொரு ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் ஈசிஜி எடுத்தவள் நான். ஓய்வுபெற்று இரண்டு ஆண்டுகளாகின்றன. அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதைச் சொல்லித்தான் என் கோரிக்கைக்கு வர முடியும். சரியான துடிப்பில் ஒவ்வொரு பெரிய முனைக்கும் முன்னால் ஒரு சிறு மேடு வரும். மேலறைகள் ஒழுங்காகத் தூண்டப்பட்டன என்பதற்கான அடையாளம் அது. அதைத்தான் பி அலை என்கிறோம். மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு இந்த மேடு அகலமாகி, நடுவில் பள்ளம் விழுந்து, ஒட்டகத்தின் இரட்டைத் திமில்போல ஆகும். சில ஆண்டுகள் கழித்து அது காணாமலே போகும். அடிக்கோடு நடுங்கும், பெரிய முனைகள் மனம்போன இடைவெளியில் வரும். ஏ.எஃப். என்று நாங்கள் சொல்லும் மேலறை நடுக்கம் அது. ஒரு துண்டுக் காகிதத்தின் ஓரத்தில் இரண்டு முனைகளைக் குறித்துக்கொண்டு அடுத்த இரண்டின்மேல் நகர்த்தி வைப்போம். எத்தனை முறை நகர்த்தினாலும் பொருந்தாது.

இரட்டைத் திமிலிலிருந்து நடுக்கத்துக்குப் போகும் அந்த வழியில் என்ன நடக்கிறது, யாருக்கு எப்போது நடக்கிறது என்பதைக் கணக்கால் முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும் என்று உழைப்பவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியவந்தது என் அண்ணன் மகளால். அவள் கணிதத்தில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். ஒரு பொங்கல் விடுமுறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, "அத்தை, இதைப் பாருங்க" என்றாள்.

திரையில் ஒரு சதுரம். ஓரத்தில் தட்டினாள், ஒளிக்கோடு ஒன்று குளத்து அலைபோல நகர்ந்து மறுகரையில் மறைந்தது. மறுபடி தட்டி, அலை பாதி வழியில் இருக்கும்போதே அதன் ஒரு பகுதியை அழித்தாள். அறுந்த நுனி மெல்ல வளைந்தது, சுருண்டது, கோலத்துச் சுழிபோலத் தன்னையே சுற்ற ஆரம்பித்தது. யாரும் தட்டாமலே சுற்றிக்கொண்டிருந்தது. திரையின் அடியில் அவள் ஒரு கோடும் ஓடவிட்டிருந்தாள், அந்தச் சதுரம் ஓர் இதயத் தசைத் துண்டாக இருந்தால் ஈசிஜி எப்படி வரும் என்ற கணக்கு. "இது என்னன்னு சொல்லுங்க." பார்த்ததும் சொன்னேன்: "வி.டி.", அதாவது கீழறைகள் வேகமெடுத்துத் துடிப்பது. சற்று நேரத்தில் சுழி உடைந்து பத்துப் பன்னிரண்டு சிறு சுழிகளானது. கீழே கோடு குழம்பியது. "இப்ப வி.எஃப். ஷாக் கொடுக்கணும்" என்றேன். கீழறை நடுக்கம் அது. என் கை தானாக எழுந்துவிட்டது. எத்தனையோ இரவுகளில் படுக்கை அருகே பார்த்த கோடு அது. அதை இந்தப் பெண் சமன்பாடுகளிலிருந்து வரவழைத்திருக்கிறாள்.

அவள் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். திரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டமும் சிறு தசைத் துணுக்கு. அதன் சுவரில் சோடியம், கால்சியம், பொட்டாசியம் போய்வரும் கதவுகள். எந்தக் கதவு எந்த மின்னழுத்தத்தில் எவ்வளவு வேகமாகத் திறக்கும், மூடும் என்பதைச் சமன்பாடாக எழுதுகிறார்கள். பக்கத்துக் கட்டம் தூண்டப்பட்டால் இதுவும் தூண்டப்படும். ஒருமுறை தூண்டப்பட்டபின் கொஞ்ச நேரம் எதற்கும் அசையாது. அறுத்த வயலில் தாளுக்கு வைத்த தீ, எரிந்து முடித்த இடத்துக்குத் திரும்பி வராது அல்லவா, அதுபோல. இதயத்தில் மட்டும் அந்தத் தாள் கால் நொடியில் மறுபடி முளைத்துவிடும். நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில், எல்லாக் கட்டங்களுக்கும், திரும்பத் திரும்ப இந்தக் கணக்கைப் போடுகிறது கணினி.

இதில் ஒரு கணக்கை விரல் விட்டே போடலாம். நல்ல தசையில் அலை நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடும். தசையின் ஓய்வு நேரம் சுமார் கால் நொடி. இரண்டையும் பெருக்கினால் 12.5 சென்டிமீட்டர். அலையின் தலையிலிருந்து வால்வரை உள்ள நீளம் அது. இடது மேலறையின் குறுக்களவு 3.5 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு சுமார் 11. அலை சுற்றி வந்தால் தன் வாலிலேயே முட்டி அணைந்துவிடும். அதனால்தான் நாம் நலமாக இருக்கிறோம். கை கால் விழுந்து வந்த அந்தப் பெண்ணின் எக்கோவில் இடது மேலறை ஏறக்குறைய 6 சென்டிமீட்டர், சுற்றளவு 19க்கு அருகில். தழும்பேறிய தசையில் வேகம் 30 சென்டிமீட்டராகக் குறைந்து, ஓய்வு நேரமும் 0.15 நொடியாகச் சுருங்கினால் அலையின் நீளம் வெறும் 4.5. அந்த அறைக்குள் ஒன்றல்ல, மூன்று நான்கு அலைகள் தாராளமாகச் சுற்றலாம். எக்கோ அறிக்கையில் எத்தனையோ முறை அந்த எண்ணைப் பார்த்திருக்கிறேன். அது அலைகளுக்கான இடத்தின் அளவு என்று முப்பத்தொரு ஆண்டுகளில் எனக்கு யாரும் சொன்னதில்லை.

இந்த வேலை நேற்று தொடங்கியதில்லை. 1960இல் லண்டனில் டெனிஸ் நோபிள் என்ற இளைஞர், செம்மறியாட்டின் இதயத்தை வாங்கிவந்து அதன் நார்களில் பொட்டாசியம் போய்வருவதை அளந்து, அந்த எண்களை ஃபெராண்டி மெர்குரி என்ற அறை நிறைக்கும் கணினியில் ஏற்றினார். இளநிலை ஆராய்ச்சியாளர் என்பதால் அவருக்குக் கிடைத்த நேரம் அதிகாலை 2 மணியிலிருந்து 4 மணிவரை. உங்கள் சமன்பாட்டில் துடிப்பை உண்டாக்கும் பகுதி எங்கே இருக்கிறது என்று கணினிப் பொறுப்பாளர்கள் கேட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு பகுதி இல்லை. கதவுகள் திறந்து மூடும் கணக்கு மட்டும்தான் இருந்தது. ஓடவிட்டதும் கணக்கு தானாகத் துடித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து 1964இல் அமெரிக்காவில் கோர்டன் மோ என்பவரும் அவர் குழுவும் ஆயிரம் அளவிலான அறுகோணத் துணுக்குகளை வைத்து மேலறை நடுக்கத்தையே கணினியில் உண்டாக்கிக் காட்டினார்கள். எல்லாத் துணுக்குகளுக்கும் ஓய்வு நேரம் ஒன்றாக இருந்தால் நடுக்கம் நிலைக்கவில்லை. துணுக்குக்குத் துணுக்கு வேறுபட்டபோதுதான் அது தானாகவே நீடித்தது. வாதக் காய்ச்சலின் தழும்பு மேலறையில் செய்வதும் அந்த வேறுபாட்டைத்தான்.

நம் ஊரிலும் இந்த அறிவு இருக்கிறது. பின்னாளில் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்கு வந்த சிதாப்ர சின்ஹாவும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகுல் பண்டிட்டும் இன்னொருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை அண்ணன் மகள் காட்டினாள். வி.எஃப். வந்த இதயத்துக்கு இன்று நாம் கொடுப்பது பெரும் அதிர்ச்சி. உடலே கட்டிலை விட்டுத் துள்ளும். அதற்குப் பதிலாக, வலைபோன்ற கோடுகளின் வழியே மிகச் சிறிய மின்தூண்டலைச் சற்று நேரம் கொடுத்தால், தசை சிறு சிறு பாத்திகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பாத்திக்குள்ளும் சுழி சுற்ற இடமில்லாமல் வரப்பில் முட்டி அணையும் என்று கணினி மாதிரியில் காட்டினார்கள். நோயாளிக்கு இன்னும் வந்துசேராத வழிதான். ஆனாலும் டீஃபிப் துடுப்பைக் கையில் கொடுத்துப் பழகிய எனக்கு அதைப் படித்தபோது தொண்டை அடைத்தது.

இனி நான் சொல்ல வந்தது. எந்த மாதிரியும் யாரோ ஒருவரின் இதயத்திலிருந்துதான் பிறக்கிறது. நோபிளுடையது ஆட்டின் இதயம். 1990களில் உலகம் முழுக்கப் பயன்பட்ட லுவோ-ரூடி மாதிரி கினிப் பன்றியின் இதயம். 2011இல் வந்த ஒஹாரா-ரூடி மாதிரி மனித இதயம்: நோயில்லாத நூற்றுக்கும் மேற்பட்ட மனித இதயங்களின் அளவுகளிலிருந்து உருவானது. மருந்து ஒன்று துடிப்பைக் குலைக்குமா என்று முன்கூட்டியே சோதிக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் மற்றவர்களும் 2013 முதல் முன்னெடுத்த திட்டத்துக்கு அடிப்படை இந்த மாதிரிதான். டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரை பொட்டாசியக் கதவை அடைத்து உயிரிழப்புகளை உண்டாக்கி 1990களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து போனது. அப்படி ஒன்று மறுபடி நடக்கக் கூடாது என்பதற்காக. ஆக, இதை வெறும் திரை விளையாட்டு என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை.

ஈசிஜி கதையும் அப்படியே. அமெரிக்காவின் பாஸ்டனில் 1975 முதல் 1979 வரை ஒரு மருத்துவமனையில் பதிவுசெய்த ஈசிஜிகளிலிருந்து 47 பேரின் 48 அரைமணி நேரத் துண்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏறக்குறைய 1,10,000 துடிப்புகள். ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு இதய மருத்துவர்கள் தனித்தனியே பார்த்து, இது இன்ன துடிப்பு என்று குறித்தார்கள். 1980இல் அந்தத் தொகுப்பு வெளிவந்தது. அன்றிலிருந்து ஒழுங்கற்ற துடிப்பைக் கண்டுபிடிக்கும் நிரல் எழுதுபவர்கள் உலகெங்கும் அதில்தான் உரசிப் பார்க்கிறார்கள். அண்ணன் மகளும் அதைத்தான் பயன்படுத்துகிறாள். அரை நூற்றாண்டுக்கு முன் பாஸ்டனில் படுத்திருந்த 47 பேரின் துடிப்பு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. என் முன்னால் படுத்திருந்த பெண்ணின் துடிப்பு கறுப்பு அட்டையாகிவிட்டது.

யாருடைய இதயமானால் என்ன, எல்லாம் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றில்லை. மேலை நாடுகளில் ஏ.எஃப். பெரும்பாலும் எழுபதைத் தொட்டவர்களின் நோய்: ரத்தக் கொதிப்பு, வயது. எங்கள் கட்டிலுக்கு வந்தவர்களில் கணிசமானோர் முப்பது, நாற்பது வயதுப் பெண்கள். குடிசையிலும் நெரிசலிலும் வளர்ந்து, சிறுவயதுத் தொண்டைப் புண்ணுக்கு மருந்து கிடைக்காமல், வால்வு கெட்டவர்கள். இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்கப் புதிய மாத்திரைகள் வந்தபோது அவற்றின் பெரிய சோதனைகளில் மைட்ரல் வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களைச் சேர்க்கவில்லை. அவர்களுக்கும் அவை நல்லவையாகவே இருக்கும் என்று பலர் நம்பினார்கள். பிறகு இந்தியா உட்பட 24 நாடுகளில், வாதக் காய்ச்சலால் வந்த இதய நோயும் ஏ.எஃப்.பும் சேர்ந்திருந்த 4,500க்கும் மேற்பட்டவர்களிடம் இன்விக்டஸ் என்ற சோதனை நடந்தது. சராசரி வயது சுமார் 50. நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள். 2022இல் முடிவு வந்தது: ரிவராக்சபான் என்ற புதிய மாத்திரையைவிட, ரத்தம் உறையும் வேகத்தை ஐ.என்.ஆர். சோதனையில் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் பழைய வகை மாத்திரை எடுத்தவர்களில்தான் இறப்பு குறைவு. நம் நோயாளிகளிடமே கேட்டுப் பார்த்ததால்தான் இது தெரிந்தது.

கணினி இதயத்துக்கும் இதே கதி வந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நதாலியா ட்ராயனோவாவின் குழு, மாரடைப்பால் தழும்பேறிய இதயங்களை எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கணினியில் கட்டி, பல இடங்களில் தூண்டிப் பார்த்து, யாருக்கு ஆபத்தான துடிப்பு வரும் என்று கணித்தது. 2016இல் வந்த அந்த ஆய்வில் இருந்தவர்கள் 41 பேர். அருமையான தொடக்கம், ஆனால் 41 பேர்தான். இதயத்தின் 'டிஜிட்டல் இரட்டை' என்ற பெயரில் இது நாளை நம் மருத்துவமனைகளுக்கும் விற்பனைக்கு வரும். வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: சுருங்கிய மைட்ரல் வால்வும் 6 சென்டிமீட்டர் மேலறையும் உள்ள முப்பத்தொன்பது வயதுப் பெண்ணின் இதயத்தில் இதைச் சோதித்தீர்களா? இல்லை என்றால், சோதிக்க வேண்டிய தரவு நம்மிடம் இருக்க வேண்டும். இன்று அது மங்கும் தாளில் இருக்கிறது.

என் கோரிக்கை பெரிதில்லை. அரசு மருத்துவமனையில் எடுக்கும் ஒவ்வொரு ஈசிஜியும் தாளில் வருவதோடு கோப்பாகவும் சேமிக்கப்பட வேண்டும். இப்போதைய இயந்திரங்கள் பலவற்றில் நினைவகம் உண்டு. ஆனால் நிறைந்ததும் பழையது அழிந்து புதியது ஏறும். பன்னிரண்டு லீட், பத்து நொடி, நொடிக்கு 500 புள்ளி என்று வைத்தாலும் ஒரு ஈசிஜி சுமார் 120 கிலோபைட்தான், கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைவிடப் பல மடங்கு சிறியது. ஒரு கோடி ஈசிஜி 1.2 டெராபைட். சட்டைப்பையில் வைக்கும் ஹார்டு டிஸ்க் போதும். மாரடைப்பு நோயாளியின் ஈசிஜியைச் சிறிய ஊர் மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு நொடியில் அனுப்பும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு 2010களிலேயே செய்து காட்டியிருக்கிறது. அனுப்பத் தெரிந்தவர்களுக்குச் சேமிக்கத் தெரியாதா?

நோயாளியின் அந்தரங்கம் என்ற எதிர்ப்பு நியாயமானது. 2023இல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பெயர், ஊர், எண் எல்லாவற்றையும் நீக்கி, நோயாளியிடம் தமிழில் வாயால் சொல்லி, சரி என்றால் மட்டும் ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும். கையெழுத்து வாங்கினால் போதும் என்று விடக் கூடாது. நான் பார்த்தவரை, "உங்க ஈசிஜி இன்னொருத்தருக்கு உதவும்" என்று சொன்னால் மறுப்பவர்கள் குறைவு. அதே நோயாளி மறுபடி வரும்போது பழையதும் புதியதும் ஒரே எண்ணின் கீழ் சேர வேண்டும் என்பது எல்லாவற்றிலும் முக்கியம். இரட்டைத் திமில் இருந்தபோதும் ஒன்று, அது மறைந்தபின் ஒன்று. அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் தரமணியில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் கணக்கு சரியா தவறா என்று பார்க்க முடியும். கூடவே எக்கோ அளவும், முடிந்த இடத்தில் எம்.ஆர்.ஐ. படமும்.

அதுவரை உங்கள் வீட்டில் ஈசிஜி தாள் இருந்தால் இன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், அல்லது கைபேசியில் கோடுகள் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். வெயிலிலும் பிளாஸ்டிக் உறையிலும் வைக்காதீர்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம்.

அன்று அந்தப் பெண்ணுக்குப் புதிதாக ஈசிஜி எடுத்தேன். ஜெல் தடவி மார்பில் பல்புகளை ஒட்டும்போது அவர் இடது கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டார். ஏ.எஃப்.தான், நிமிடத்துக்கு 130. தாளை எடுத்துக்கொண்டு எதிரே இருந்த கடைக்குப் போய் மூன்று ஜெராக்ஸ் போட்டேன். ஒன்று கேஸ் ஷீட்டில், ஒன்று என் பதிவேட்டில், ஒன்று கணவரிடம். "இதுக்கு லேமினேஷன் போடலாமா சிஸ்டர்?" என்று கேட்டார். "இது ஜெராக்ஸ், இதுக்குப் போடலாம் தம்பி" என்றேன். கறுப்பு அட்டையை நான் திருப்பிக் கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்வார் என நினைத்தேன். வாங்கி, வேட்டி ஓரத்தில் துடைத்து, மறுபடி மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.